ஒன்பது மணிக்கு விழுந்த பிரேக்கர்: ஒரு குறுவைக்கால பீடரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், தஞ்சை மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியை ஒட்டிய ஒரு 33/11 கே.வி. துணை மின்நிலையம். 8 எம்.வி.ஏ. பவர் டிரான்ஸ்பார்மர் ஒன்று, அதிலிருந்து ஊர்களுக்குப் போகும் 11 கே.வி. மின்வழிகள், அதாவது பீடர்கள், நான்கு. ஒன்று டவுனுக்கு, ஒன்று கலப்பு, மற்ற இரண்டும் பெரும்பாலும் பம்புசெட். இந்த ஆய்வு பம்புசெட் பீடர்களில் நீளமானதைப் பற்றியது. மொத்தம் 14 கி.மீ. முதல் 9 கி.மீ. ராபிட் கம்பி, கடைசி 5 கி.மீ. அதைவிட மெல்லிய வீசல் கம்பி. ஊர்ப்புற டிரான்ஸ்பார்மர்கள் 41, பம்புசெட் இணைப்புகள் 312, இணைக்கப்பட்ட சுமை சுமார் 2,300 எச்.பி. இடையிடையே வீடுகளும் உண்டு.

அப்போதைய முறைப்படி காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை மும்முனை மின்சாரம். மற்ற நேரத்தில் ஒரு பேஸை எடுத்துவிட்டு, வீட்டு விளக்குக்காக இரண்டு பேஸ் மட்டும் போகும். (கண்டென்சர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த பீடரிலும் இருந்தார்கள். அது தனிக் கதை.)

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளில் இந்த பீடர் யாருக்கும் தலைவலி தந்ததில்லை. நாற்றங்காலுக்கும் மேட்டுப் பாங்கான வயலுக்கும் மட்டும் போர் ஓடும். மூன்றில் ஒரு பங்கு மோட்டார் ஓடினாலே அதிகம் என்பதால் பீடர் 50 முதல் 60 ஆம்பியரில் நிற்கும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாத அந்த ஆண்டில் நிலைமை மாறியது. குறுவை நாற்றும் நடவும் முழுக்கப் போர் தண்ணீரை நம்பி நடந்தன. இணைப்பு எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. வழக்கமாக ஆளுக்கொரு நேரத்தில் ஓடும் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின, அவ்வளவுதான்.

முதல் நாள்: கவனித்தவை

காலை 9.00-க்கு ஆபரேட்டர் மூன்றாவது பேஸைச் சேர்த்து பிரேக்கரை, அதாவது பீடருக்கு மின்சாரம் தரும் பெரிய ஸ்விட்சை, போட்டார். அம்மீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. சுமார் பத்து வினாடி கழித்து முள் ஒரே தூக்காகத் தூக்கியது, பிரேக்கர் விழுந்தது. 9.04-க்கு மறுபடி போட்டார், மறுபடி அதே பத்து வினாடியில் விழுந்தது. லைனில் கோளாறு என்று பதிவு செய்து, லைன்மேன்கள் இருவர் பைக்கில் லைன் பார்க்கக் கிளம்பினார்கள்.

இரண்டே முக்கால் மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கம்பி அறுபடவில்லை, மட்டை விழவில்லை, இன்சுலேட்டர் வெடிக்கவில்லை.

ஓட்டம் அளவுமீறினால் பிரேக்கரை விழவைக்கும் ரிலேயில் பதிவாகியிருந்ததை முதலிலேயே நிதானமாகப் படித்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதில் மூன்று தடயங்கள் இருந்தன. முதலாவது, மூன்று பேஸிலும் ஏறக்குறைய ஒரே அளவு: 540, 552, 546 ஆம்பியர். தென்னை மட்டை விழுந்தாலோ கம்பி அறுந்தாலோ இப்படிச் சமமாக வராது. இரண்டாவது, ஓட்டம் தரைக்குக் கசிந்தால் விழும் எர்த் ஃபால்ட் கொடி விழவே இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: பத்து வினாடித் தாமதம். லைனில் கோளாறு இருந்தால் பிரேக்கர் போட்ட மாத்திரத்தில் விழும், பத்து வினாடி பொறுத்திருக்காது. லைனில் எதுவோ பத்து எண்ணிவிட்டுக் கிளம்புகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

அந்த எதுவோ, ஆட்டோ ஸ்விட்ச். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆள் இல்லாமலே ஸ்டார்டரை அழுத்திவிடும் சிறு பெட்டி. பிறகு எடுத்த கணக்கில் 312 இணைப்புகளில் 264-இல் அது இருந்தது. பெரும்பாலானவற்றின் தாமதக் குமிழ் கடையில் வாங்கியபோது இருந்த இடத்திலேயே, பத்து வினாடியைச் சுற்றி நின்றது.

ஏன் விழுந்தது: கணக்கு

5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுத்தால், நேரடி ஸ்டார்ட்டில் கிளம்பும் நொடியில் அதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். 264 மோட்டார்கள் ஓடும்போது 11 கே.வி. பக்கம் ஏறக்குறைய 126 ஆம்பியர். ஆறு மடங்கு என்றால் 750-ஐத் தாண்ட வேண்டும். அத்தனை மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுப்பதால் வோல்டேஜ் தாழ்ந்து அது 550-க்கு அருகில் நின்றது. ஆனால் தாழ்ந்த வோல்டேஜ் வேறொரு கெடுதலைச் செய்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் விசை மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு வினாடிக்குள் வேகம் பிடிக்க வேண்டிய மோட்டார் இரண்டு மூன்று வினாடி முக்குகிறது. அதற்குள் சற்றே தாமதமான பக்கத்து மோட்டார்களும் சேர்ந்துகொள்ள, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

ரிலேயின் அமைப்பு: 200/1 சி.டி. (ஓட்டத்தை ரிலேக்குச் சுருக்கிக் காட்டும் டிரான்ஸ்பார்மர்), பிக்கப், அதாவது ரிலே எண்ணத் தொடங்கும் அளவு, 200 ஆம்பியர், டைம் செட்டிங் (தாமதத்தை நிர்ணயிக்கும் எண்) 0.1. 546 ஆம்பியர் என்பது பிக்கப்பைப்போல 2.73 மடங்கு. ஓட்டம் கூடக்கூட நேரம் குறையும் சாதாரண இன்வர்ஸ் வளைவில் அதற்கு 0.7 வினாடி. மோட்டாருக்குத் தேவை மூன்று வினாடி, ரிலே தருவது முக்கால் வினாடி.

ரிலேயை ஏற்றலாமா?

அன்று மதியம் எல்லோர் வாயிலும் முதலில் வந்த யோசனை இதுதான். பிக்கப்பை 400 ஆக்கு, அல்லது டைம் செட்டிங்கை உயர்த்து, பிரேக்கர் நிற்கும். பிரேக்கர் நிற்கத்தான் செய்யும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

14-ஆவது கிலோமீட்டரில் மூன்று பேஸும் சேர்ந்து ஷார்ட் ஆனால் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்று கணக்கிட்டார்கள். ராபிட், வீசல் கம்பிகளின் மின்தடை, டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு பேஸுக்கு ஏறக்குறைய 12 ஓம் வருகிறது. அதன்படி சுமார் 530 ஆம்பியர். இரண்டு கம்பி மட்டும் உரசினால் 460. அதாவது, காலையில் ஒழுங்காகக் கிளம்பும் மோட்டார்கள் இழுக்கும் 546, கடைக்கோடியில் நடக்கும் உண்மையான விபத்தைவிட அதிகம்! வெறும் ஆம்பியர் அளவைப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று ரிலேயால் பிரித்தறிய முடியாத பீடர் இது.

பிக்கப்பை 400 ஆக்கினால் 460 ஆம்பியர் கோளாறு 1.15 மடங்குதான். அந்த இடத்தில் ரிலே ஐந்து வினாடி யோசிக்கும், அதுவரை உரசும் இடத்தில் பொறி பறந்து வீசல் கம்பி அறுந்து விழக்கூடும். வயலில் நாற்று நடுபவர்கள் தலைக்கு மேல் போகும் கம்பி அது. டைம் செட்டிங்கை மூன்று வினாடிக்கு ஏற்ப உயர்த்தினாலோ நான்கு பீடருக்கும் பொதுவான 11 கே.வி. இன்கமர் ரிலே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கும். எனவே ரிலேயைத் தொடுவதில்லை என்று உதவிப் பொறியாளர் முடிவெடுத்தார். அந்த நேரத்தில் அது எளிதான முடிவல்ல. நிலையத்து வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

அன்றைய தற்காலிக ஏற்பாடு

6-ஆவது கிலோமீட்டரிலும் 10-ஆவது கிலோமீட்டரிலும் ஏ.பி. ஸ்விட்ச், அதாவது கம்பத்தில் லைனைக் கையால் பிரிக்கும் ஸ்விட்ச், இருந்தது. பிரேக்கரை எடுத்து, இரண்டு ஸ்விட்சையும் பிரித்து, பிரேக்கரைப் போட்டதும் முதல் 6 கி.மீ. நின்றது. பத்து நிமிடம் கழித்து அடுத்த பகுதி, மேலும் பத்து நிமிடத்தில் கடைசி. 12.20-க்கு முழு பீடரும் ஓடியது.

இந்த வழியைச் சில நாளுக்குமேல் நீட்டிக்கவில்லை. ஏ.பி. ஸ்விட்ச் சுமையோடு இயக்குவதற்கானது அல்ல. மூடும் நொடியில் ஆட்டோக்கள் காத்திருப்பதால் ஓட்டம் குறைவு, அதனால் தப்பித்தது. யாராவது ஒருவர் ஆட்டோவை பூஜ்யத்தில் வைத்திருந்தாலும் கம்பத்தடியில் நிற்கும் லைன்மேன் கண்ணெதிரே தீப்பொறி. தவிர, தினமும் காலை இரண்டு ஆள் இரண்டு கம்பத்தில் நின்றாக வேண்டும்.

இடையில் ஒரு விளக்கம்: அதிர்வெண் நாட்டுக்கு, வோல்டேஜ் ஊருக்கு

வாசலில் நின்றவர்களில் பலர், மாநிலத்திலேயே மின்சாரம் பற்றாக்குறை, அதனால்தான் இங்கே நிற்கவில்லை என்று நம்பினார்கள். அப்படியானால் அதிர்வெண் தாழ்ந்திருக்கும். அன்று காலை அது சாதாரண நிலையில்தான் இருந்தது. 2013 டிசம்பர் 31-இல் தென்னகக் கட்டம் நாட்டின் மற்ற கட்டத்தோடு இணைந்தபின் காஷ்மீரத்திலும் கோடியக்கரையிலும் ஒரே அதிர்வெண்தான். 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும். தேவை திடீரென்று ஏறினால் சுழன்றுகொண்டிருக்கும் டர்பைன்களின் வேகம் மயிரிழை குறையும். சில வினாடியில் டர்பைன் வேகத்தைக் காக்கும் கவர்னர்கள் வால்வைத் திறக்கும். நிமிடக் கணக்கில் மின்சுமைப் பகிர்வு மையத்தின் கட்டளைப்படி நிலையங்கள் ஏறி இறங்கும். அதற்குமேல், ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டாகப் பிரித்துப் போட்ட அட்டவணை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நீர்மின் நிலையங்களும், கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் காடம்பாறையின் நான்கு 100 மெகாவாட் எந்திரங்களும் கைகொடுக்கின்றன.

முன்கூட்டியே தெரிந்த மாற்றம் எவ்வளவு பெரிதானாலும் சமாளிக்க முடியும் என்பதற்கு 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணி சாட்சி. நாடெங்கும் ஒன்பது நிமிடம் விளக்கணைத்ததில் 31,000 மெகாவாட் அளவுக்குத் தேவை சரிந்தது. இரண்டு நாள் முன்பே தெரிந்ததால், நீர்மின் நிலையங்களை முதலில் உயர்த்தி ஓடவிட்டு, சரிவின்போது மளமளவென்று இறக்கிச் சமாளித்தார்கள். நம் பீடரின் 9 மணியும் தினமும் முன்கூட்டியே தெரிந்த ஒன்றுதான். அதை யாரும் பரப்பி வைக்கவில்லை என்பதே குறை. இரண்டு மெகாவாட்டும் சொச்சமும் நாட்டுக்குத் தூசு. 14 கி.மீ. கம்பிக்கு அது மலை.

இரண்டாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை: ஆட்டோக்களைப் பிரித்தது

41 டிரான்ஸ்பார்மர்களையும் பத்துக் குழுவாக்கினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாமதம்: 30 வினாடி, 60, 90 என்று 300 வரை. குழுவுக்கு 26 ஆட்டோ என்று வைத்தால் கிளம்பும் நொடியில் கூடுதலாக 75 ஆம்பியர். ஏற்கெனவே எல்லாம் ஓடி 130-இல் நின்றாலும் மொத்தம் 205, இரண்டு வினாடிக்கு. ரிலே அசையாது.

வரிசை எங்கிருந்து தொடங்குவது என்பதில் விவாதம் இருந்தது. நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள் தங்களுக்கே முதல் என்று எதிர்பார்த்தார்கள். முடிவு அதற்கு நேரெதிர்: கடைக்கோடி முதலில், 30 வினாடியில். லைனில் வேறு சுமை இல்லாத நேரத்தில்தான் அங்கே வோல்டேஜ் நன்றாக இருக்கும், மோட்டார் முக்காமல் கிளம்பும். அருகில் இருப்பவர் ஐந்து நிமிடம் பொறுத்தாலும் அவர் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

"தம்பி, கரண்டு வந்ததும் ஓடட்டும்னுதானே ஆட்டோ போட்டேன். நீ நிறுத்தி வைக்கச் சொல்றியே" என்றார் 2-ஆவது கிலோமீட்டரில் ஒரு பெரியவர். "அஞ்சு நிமிஷம் பொறுத்தா ஆறு மணி நேரம் ஓடும் பெரியப்பா. நேத்து மூணு மணி நேரம் போச்சே, மறந்துட்டீங்களா?" என்று லைன்மேன் கேட்டதும் பெட்டியைத் திறந்துவிட்டார்.

வேலை காகிதத்தில் இருந்ததுபோல எளிதாக நடக்கவில்லை. குமிழைச் சுற்றிப் போட்டிருக்கும் எண்களை நம்ப முடியாது. 60 என்ற கோட்டில் வைத்தால் ஒன்று 45 வினாடியில் கிளம்பியது, இன்னொன்று 85-இல். எனவே ஒவ்வொன்றையும் செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்தில் குமிழின் மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. யாராவது திருகினால் பூச்சு விரிசல் விடும், பார்த்ததும் தெரியும். பல பெட்டிகளுக்குள் எறும்புப் புற்று. இரண்டில் கான்டாக்டர் முனைகளுக்கு நடுவே கருகிய பல்லி. 38 ஆட்டோக்களில் குமிழே இல்லை. அவற்றின் உரிமையாளர்களிடம் கையால் போடச் சொல்லி, தாமத ரிலே வாங்கி மாட்டும்வரை ஆட்டோவைத் துண்டித்தார்கள்.

கெப்பாசிட்டர்

பிரேக்கர் நின்றாலும் கடைக்கோடியின் குறைந்த வோல்டேஜ் அப்படியேதான் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் பதினொரு மோட்டார் காயில் எரிந்து கட்டுவதற்குப் போயிருந்தது, ஊர் டிரான்ஸ்பார்மர் இரண்டு எரிந்தது. எல்லாம் ஓடும்போது தலைப்பில் 150 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் ஓட்டத்தில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8. லைன் முடிவில் வோல்டேஜ் வீழ்ச்சி 11.4 சதவீதம் என்று கணக்கு காட்டியது. உயர் அழுத்த லைனில் அனுமதி 9 சதவீதம். மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் போட்டால் பவர் ஃபேக்டர் 0.95-க்கு ஏறி, ஓட்டம் 126 ஆகி, வீழ்ச்சி 9.4-க்கு வரும்.

அளவு வழக்கமானதே: 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர்., 7.5-க்கு 3, 10-க்கு 4. மாட்டும் இடம்தான் கவனிக்க வேண்டியது. ஸ்டார்டர் கான்டாக்டருக்குப் பிறகு, மோட்டார் பக்கம் மாட்ட வேண்டும், அப்போதுதான் மோட்டாரோடு சேர்ந்து வந்து சேர்ந்து போகும். ஓவர்லோடு ரிலேக்கும் பிறகு மாட்டினால், ரிலே வழியாகப் போகும் ஓட்டம் குறைந்துவிடும். பழைய இடத்திலேயே விட்டால் மோட்டார் எரியும்வரை அது விழாது. எனவே அதன் செட்டிங்கையும் அளந்து இறக்கினார்கள்.

மீட்டரும் கட்டணமும் இல்லாத இலவச இணைப்பில் கெப்பாசிட்டருக்குக் கைக்காசு போட யாருக்கும் அவசரமில்லை. சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டியிருந்தது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்த ஏழு மோட்டாருக்கும் ஒரே நாளில் மாட்டி, முன்னும் பின்னும், கம்பியைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரில் ஆம்பியரைக் காட்டினார்கள். 7.5 எச்.பி. ஒன்றில் லைன் ஓட்டம் 12-இலிருந்து 10-க்கு இறங்கியது. காயில் கட்ட ஆகும் செலவு எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த பத்து நாளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாட்டினார்கள்.

பின்னர் நடந்தவை

ஏழாம் நாள் காலை பீடர் ஒரே தடவையில் நின்றது. பதிவான உச்சம் 208 ஆம்பியர். நடுப்பகலில் 33 கே.வி. லைன் போய் வந்தபோதும் ஆட்டோக்கள் அதே வரிசையில் கிளம்பின.

பதினோராம் நாள் மீண்டும் விழுந்தது. இந்த முறை லைன் பார்க்க யாரும் போகவில்லை. பிரேக்கர் போட்ட இரண்டாவது வினாடியில் விழுந்திருந்தது, மூன்று பேஸும் சமம், எர்த் இல்லை. நகப்பூச்சைப் பார்க்கப் போனார்கள். நடுப்பகுதியில் இரண்டு ஊர்களில் பெரும்பாலான பெட்டிகளில் பூச்சு உடைந்து குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. அடுத்த வயல்காரர் போர் முதலில் கிளம்பினால் தன் போரில் நீர்மட்டம் இறங்குகிறது என்று ஒருவர் திருக, ஊரே திருகியிருக்கிறது. குழுவை டிரான்ஸ்பார்மர் வாரியாகப் பிரித்ததில் பக்கத்துப் பக்கத்துப் போர்கள் வேறு வேறு குழுவில் விழுந்திருந்தன. அந்த ஊர்களில் மட்டும் அடுத்தடுத்த போர்களை ஒரே குழுவில் வைத்து மாற்றியபின் சிக்கல் வரவில்லை.

இந்தக் காலத்தில் செய்த ஒரு காரியம் தவறாகப் போனது. கடைக்கோடி வோல்டேஜை உயர்த்த, பவர் டிரான்ஸ்பார்மரின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை இரண்டு படி, மொத்தம் 5 சதவீதம், ஏற்றியிருந்தார்கள். அது சப்ளையை நிறுத்தித்தான் மாற்றக்கூடிய வகை. ஜூலைக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, இரண்டு நாள் நல்ல மழையும் பெய்தது. 130 ஆம்பியரில் இருந்த பீடர் 35-க்குச் சரிந்தது. சுமை போனதும் வீழ்ச்சியும் போனது, டேப் மட்டும் ஏறியபடியே இருந்தது. நிலையத்தை அடுத்த தெருக்களில் இரவு 259 வோல்ட். 240-க்கு 6 சதவீதம் கூட்டினால் 254-தான் எல்லை. டி.வி., ஃபிரிட்ஜ் பழுதென்று டவுன் பீடரிலிருந்து புகார் வந்த பிறகே டேப் நினைவுக்கு வந்தது. தேவை ஏறும்போது கவனிக்கும் கண், இறங்கும்போது மூடிக்கொள்வது இந்தத் தொழிலில் புதிதல்ல.

இனி மாற்ற வேண்டியவை

பிரேக்கர் விழுந்தால் லைன் பார்க்கக் கிளம்புமுன் நான்கு விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: போட்டபின் எத்தனை வினாடியில் விழுந்தது, மூன்று பேஸின் ஆம்பியர், எர்த் கொடி, அன்று மும்முனை மாற்றும் நேரமா. இதற்கான படிவம் இப்போது ஆபரேட்டர் மேசையில் இருக்கிறது.

இரண்டு விவசாய பீடரையும் 9.00-க்கே போடும் வழக்கம் நின்றது. ஒன்று 9.00, மற்றது 9.10. மாலை எடுப்பதும் அதே இடைவெளியில்.

அணை திறப்பு தள்ளிப்போகும் என்று மே மாத நீர்மட்டத்திலேயே தெரிந்துவிடும் ஆண்டுகளில், ஆட்டோ சரிபார்ப்பும் கெப்பாசிட்டரும் ஜூனுக்கு முன்பே முடிய வேண்டும். டேப்பைத் தொடுவது கடைசி வழி. தொட்டால், பீடர் எத்தனை ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் திரும்ப இறக்க வேண்டும் என்பதையும் அதே நாள் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் எல்லோரும் மாட்டினாலும் கணக்குப்படி 9.4 சதவீதம், அதாவது எல்லைக்கு வெளியேதான். கடைசி 5 கி.மீ. வீசல் கம்பியை ராபிட்டாக மாற்ற மதிப்பீடு போயிருக்கிறது. கம்பி மாறினால் கடைக்கோடிக் கோளாறு மின்னோட்டமும் 530-இலிருந்து ஏறும், ரிலேக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அதுவரை நகப்பூச்சுப் புட்டி லைன்மேன் பையிலேயே இருக்கிறது.